விருத்தசேதனத்தின் இடத்தில்தான் ஞானஸ்நானம் வந்ததா?

மம்ரே (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்குச் சீக்கிரத்தில் முதல் குழந்தை பிறக்கப்போகிறது. நான் குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் சபையில் வளர்ந்தவள். என் கணவரின் சபையில் விசுவாசத்தை வாயால் அறிக்கை செய்த பிறகுதான் ஞானஸ்நானம். குழந்தை பிறப்பதற்கு முன்பே இரண்டு வீட்டிலும் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

எங்கள் போதகரிடம் கேட்டேன். "பழைய ஏற்பாட்டில் எட்டாம் நாளில் விருத்தசேதனம் (ஆண்குழந்தையின் நுனித்தோலை அறுக்கும் சடங்கு), புதிய ஏற்பாட்டில் அதன் இடத்தில் ஞானஸ்நானம், அவ்வளவுதான்" என்றார். கணவரின் போதகர், "அப்படி ஒரு வசனம் இருந்தால் காட்டுங்கள்" என்கிறார். இரண்டு பேரும் கடைசியில், பவுல் இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லும் கொலோசெயர் 2:11-12-க்குத்தான் வந்து நிற்கிறார்கள். ஒரே பகுதியை வைத்து நேரெதிராக இரண்டு முடிவுகள் எப்படி வருகின்றன என்று எனக்குப் புரியவில்லை.

தண்ணீரைத் தெளிப்பதா, தண்ணீரில் முழுக்குவதா என்பது இந்த இழையில் வேண்டாம், தயவுசெய்து. விருத்தசேதனத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் உள்ள உறவை மட்டும் பேசுவோம்.

---

யோர்தான்கரை

சகோதரி, நேராகவே சொல்கிறேன். "இடத்தில் வந்தது" என்று வேதத்தில் எங்கும் இல்லை. இருந்தே ஆகவேண்டிய ஓர் இடத்திலும் இல்லை. அந்த இடம் அப்போஸ்தலர் 15.

யூதேயாவிலிருந்து வந்த சிலர் அந்தியோகியாவில், "நீங்கள் மோசேயினுடைய முறைமையின்படியே விருத்தசேதனமடையாவிட்டால் இரட்சிக்கப்படமாட்டீர்கள்" என்று போதித்தார்கள். சபையே கலங்கிப்போய் எருசலேமுக்கு ஆள் அனுப்பியது. பேதுரு பேசினார், பவுலும் பர்னபாவும் பேசினார்கள், கடைசியில் யாக்கோபு பேசினார். ஒரே ஒரு வாக்கியத்தில் பிரச்சினை முடிந்திருக்குமே: "இவர்கள் ஞானஸ்நானம் பெற்றுவிட்டார்கள், அதுதான் இப்போது விருத்தசேதனம்." யாரும் அதைச் சொல்லவில்லை. புறஜாதியாருக்கும் (யூதரல்லாதவர்களுக்கும்) தேவன் பரிசுத்த ஆவியைக் கொடுத்தார், விசுவாசத்தினாலே அவர்கள் இருதயங்களைச் சுத்தமாக்கினார் என்பதுதான் பேதுருவின் வாதம்.

கலாத்தியர் நிருபம் முழுவதும் இதே கதைதான். "நீங்கள் விருத்தசேதனம்பண்ணிக்கொண்டால் கிறிஸ்துவினால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமுமிராது" என்று அவ்வளவு சூடாக எழுதுகிற பவுல், ஞானஸ்நானத்தைப் பற்றியும் அதே நிருபத்தில் 3:27-இல் பேசுகிறார். ஆனாலும் இரண்டையும் சேர்த்து, ஒன்று போய் மற்றொன்று வந்தது என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. அப்புறம் தீமோத்தேயு. அவன் ஏற்கெனவே சீஷன், அதாவது ஞானஸ்நானம் பெற்றவன். அவனுக்குப் பவுல் விருத்தசேதனமும் பண்ணுவித்தாரே (அப். 16:3). ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்திருந்தால் இரண்டையும் ஒரே ஆளுக்குச் செய்வதில் என்ன அர்த்தம்?

---

உடன்படிக்கைப்பிள்ளை

யோர்தான்கரை சகோதரர் எருசலேமிலிருந்து ஆரம்பித்தார். நான் ஆதியாகமம் 17-இலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அடித்தளம் அங்கேதான் இருக்கிறது.

ஆபிரகாமுக்கு வயது 99, இஸ்மவேலுக்கு 13. "நான் உனக்கும் உனக்குப் பின்வரும் உன் சந்ததிக்கும் தேவனாயிருப்பேன்" என்பது வாக்குத்தத்தம். அதற்கு மாம்சத்தில் ஓர் அடையாளம். அந்த அடையாளத்துக்கு என்ன பொருள் என்று ரோமர் 4:11 சொல்கிறது: அது "விசுவாசநீதிக்கு முத்திரை". வெறும் இன அடையாளம் என்றோ நிலத்துக்கான பத்திரம் என்றோ பவுல் சொல்லவில்லை. விசுவாசநீதி! அப்படிப்பட்ட விசுவாசத்தின் முத்திரையைத்தான், விசுவாசிக்க இன்னும் தெரியாத எட்டு நாள் குழந்தைக்குப் போடும்படி தேவனே கட்டளையிட்டார். "விசுவாசத்தைக் குறிக்கும் அடையாளத்தை விசுவாசிக்காத குழந்தைக்குக் கொடுக்கலாமா" என்று கேட்பவர்கள் முதலில் ஈசாக்கின் விஷயத்தில் பதில் சொல்ல வேண்டும்.

பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு என்ன சொன்னார்? "வாக்குத்தத்தமானது உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும்." கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யூதர்கள். ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷமாகப் பிள்ளைகளை உடன்படிக்கைக்குள் வைத்தே வளர்த்த ஜனம். இன்று முதல் பிள்ளைகள் வெளியே என்றால் அதை அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும் அல்லவா?

1563-இல் வந்த, சீர்திருத்தச் சபைகளின் போதனை நூலான ஹைடல்பர்க் வினாவிடை, 74-ஆம் கேள்வியில் இதைத் தெளிவாகவே வைக்கிறது: பிள்ளைகளைச் சபையில் சேர்ப்பது பழைய ஏற்பாட்டில் விருத்தசேதனத்தால் செய்யப்பட்டது, புதிய ஏற்பாட்டில் அதன் இடத்தில் ஞானஸ்நானம் ஏற்படுத்தப்பட்டது. சீர்திருத்தவாதி கால்வினும் தம் பெரிய நூலின் நான்காம் புத்தகத்தில் ஒரு முழு அதிகாரத்தை இதற்கே ஒதுக்கினார்.

அப்போஸ்தலர் 15 பற்றி: அங்கே வந்த கேள்வி "எந்த அடையாளம்?" என்பதல்ல. "புறஜாதியான் யூதனாக மாறினால்தான் இரட்சிப்பா?" என்பது. ஞானஸ்நானத்தைக் காட்டிப் பதில் சொல்லியிருந்தால், ஒரு சடங்கு போய் இன்னொரு சடங்கு இரட்சிக்கிறது என்று ஆகியிருக்கும். பேதுரு கிருபையைக் காட்டினார். அதுதான் சரியான பதில்.

---

கில்கால்

ஒரு சின்னக் குறிப்பு. யோசுவா 5-ஐ இந்த விவாதத்தில் யாரும் எடுப்பதில்லை. வனாந்தரத்தில் பிறந்த ஒருவனுக்கும் விருத்தசேதனம் செய்யப்படவில்லை. அந்தத் தலைமுறைதான் மன்னாவைச் சாப்பிட்டது, மேகஸ்தம்பத்தைப் பார்த்தது, யோர்தானைக் கால் நனையாமல் கடந்தது. கடந்த பிறகுதான் கில்காலில் கருக்கான கத்திகளை எடுத்தார்கள். அடையாளம் இல்லாத காலத்திலும் தேவன் அவர்களை "என் ஜனம்" என்றே நடத்தினார்.

அடுத்த வசனங்களையும் பாருங்கள். விருத்தசேதனம் முடிந்ததும் பஸ்கா, அதாவது எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பண்டிகை விருந்து. யாத்திராகமம் 12:48-இன்படி விருத்தசேதனம் இல்லாதவன் பஸ்காவைப் புசிக்கக் கூடாது. ஆகவே உடன்படிக்கைப்பிள்ளை ஐயாவிடம் ஒரு கேள்வி. விருத்தசேதனம் பெற்ற குழந்தை பஸ்கா பந்தியில் உட்கார்ந்தது. ஞானஸ்நானம் பெற்ற குழந்தையை நீங்கள் ஏன் திருவிருந்துக்கு விடுவதில்லை? ஒப்புமை ஒரு சடங்குக்கு மட்டும் பொருந்தி அடுத்ததில் நின்றுவிடுமா? கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் கைக்குழந்தைக்கே நற்கருணை (திருவிருந்து) கொடுக்கிறார்கள். அவர்கள் அளவில் அது முரணில்லாமல் இருக்கிறது.

---

நற்கருணை_வாசகி

கத்தோலிக்கர் தரப்பிலிருந்து கொஞ்சம் வரலாறு சொல்லட்டுமா? இந்த ஒப்புமையைச் சீர்திருத்தச் சபையினர் கண்டுபிடிக்கவில்லை. இரண்டாம் நூற்றாண்டிலேயே புனித யுஸ்தீன், திரிபோ என்ற யூதரோடு நடத்திய உரையாடலில், நாங்கள் உடலின் விருத்தசேதனத்தை அல்ல, ஆவிக்குரிய விருத்தசேதனத்தைத் திருமுழுக்கின் (ஞானஸ்நானத்தின்) வழியாகப் பெற்றோம் என்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது கார்த்தேஜ் ஆயர் புனித சிப்ரியான் எழுதிய கடிதம். காலம் சுமார் 253. ஃபீடுஸ் என்ற ஆயர், விருத்தசேதனச் சட்டத்தை நினைத்து, பிறந்த குழந்தைக்கு எட்டாம் நாள் வரை திருமுழுக்குக் கொடுக்கக் கூடாது என்று எழுதியிருந்தார். பிறந்த சில நாட்களுக்குக் குழந்தையின் பாதம் தூய்மையற்றது, சமாதான முத்தம் கொடுக்க மனம் கூசுகிறது என்றும் ஒரு காரணம் சொல்லியிருந்தார். மன்றத்தில் கூடியிருந்த 66 ஆயர்களில் ஒருவர்கூட அவர் பக்கம் நிற்கவில்லை. சிப்ரியானின் பதில் மனதைத் தொடும்: இப்போதுதான் பிறந்த குழந்தையை முத்தமிடும்போது, அதை உருவாக்கிய கடவுளின் கைகளையே முத்தமிடுவதாக நினைக்க வேண்டும் என்கிறார். எட்டாம் நாள் என்பது ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாளுக்கு முன்னடையாளம். உண்மை வந்ததும் அடையாளம் ஓய்ந்தது, எனவே காத்திருக்கத் தேவையில்லை என்பது அவர் முடிவு.

பழைய திருமுழுக்குத் தொட்டிகளும் மண்டபங்களும் பல இடங்களில் எண்கோணமாக இருப்பது இதே எட்டாம் நாள் சிந்தனையால்தான். ரோமையின் லாத்தரன் திருமுழுக்கு மண்டபம் அப்படித்தான் இருக்கிறது. புனித தாமஸ் அக்குவினாசும் விருத்தசேதனத்தைத் திருமுழுக்குக்கு ஆயத்தமும் முன்னடையாளமும் என்றே விளக்குகிறார்.

---

யோர்தான்கரை

சகோதரி, அருமையான கடிதம், நன்றி. ஆனால் அது என் பக்கத்துக்கும் உதவுகிறது, கவனித்தீர்களா? ஃபீடுஸ்தான் "விருத்தசேதனத்தைப் போலவே" என்றவர். சிப்ரியான் அந்தச் சட்டத்தை இங்கே பொருத்தாதீர்கள் என்கிறார். கடவுளின் இரக்கம் யாருக்கும் மறுக்கப்படக் கூடாது என்பதே குழந்தைக்குக் கொடுப்பதற்கு அவர் காட்டும் காரணம்.

அதே கார்த்தேஜ் நகரத்தில், அதற்குச் சுமார் ஐம்பது வருஷம் முன்னால் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதினார்: சிறுபிள்ளைகளுக்கு ஏன் அவசரம்? கிறிஸ்துவை அறியத்தக்க வயதில் கிறிஸ்தவர்களாகட்டும். பழக்கம் அப்போதே இருந்தது, உண்மைதான். அதைப் பற்றி ஒருமனம் இல்லை என்பதும் உண்மை.

உடன்படிக்கை வாதம் முழு பலத்தோடு வந்தது 1525-இல், சூரிச்சில். அந்த வருஷம் ஜனவரி 21 அன்று கிரேபெலும் பிளாவ்ராக்கும் மற்றவர்களும் கூடி, விசுவாச அறிக்கையின்பேரில் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்களை மறுத்து அந்நகரச் சீர்திருத்தவாதி ஸ்விங்லி எழுதியதில்தான் ஆபிரகாமின் உடன்படிக்கை மையத்துக்கு வந்தது. 1527 ஜனவரி 5 அன்று அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸை லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். ஒரு ஞானஸ்நானக் கருத்துக்காக ஒரு சீர்திருத்த நகரம் ஒரு சகோதரனை ஆற்றில் தள்ளியது என்பதை இந்த விஷயம் பேசும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்கிறேன். எல்லாரும் நினைக்க வேண்டும்.

---

லீதியாளின்_வீடு

இவ்வளவு நேரம் ஆண்பிள்ளைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். மம்ரே, உங்களுக்குப் பெண்குழந்தை பிறந்தால்?

விருத்தசேதனம் ஆணுக்கு மட்டும். சாராள் உடன்படிக்கைக்குள் இருந்தாள், ஆனால் அவள் உடம்பில் அடையாளம் இல்லை. சமாரியாவில் பிலிப்பு பிரசங்கித்தபோது, "புருஷரும் ஸ்திரீகளும் ஞானஸ்நானம் பெற்றார்கள்" என்று லூக்கா எழுதுகிறார் (அப். 8:12). அந்த "ஸ்திரீகளும்" எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம்.

கலாத்தியர் 3:28-ஐ ஆதியாகமம் 17-க்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். யூதன், கிரேக்கன். அடிமை, சுயாதீனன். ஆண், பெண். இந்த மூன்று ஜோடிகளிலும் விருத்தசேதனம் ஒரு கோடு போட்டது. யூதனைக் கிரேக்கனிடமிருந்து பிரித்தது. ஆணுக்குச் செய்தது, பெண்ணுக்குச் செய்யவில்லை. பணத்துக்கு வாங்கப்பட்ட அடிமைக்கோ எஜமானின் சொல்லின்பேரில் செய்யப்பட்டது (ஆதி. 17:12-13), அவனை யாரும் கேட்கவில்லை. பவுல் இந்த மூன்று கோடுகளையும் அழிக்கும் இடம், "கிறிஸ்துவுக்குள்ளாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் எத்தனைபேரோ" என்று ஆரம்பிக்கும் வாக்கியத்துக்கு அடுத்த வாக்கியம்.

அப்போஸ்தலர் 8-இன் கடைசியில் வரும் எத்தியோப்பிய மந்திரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் ஓர் அண்ணகர், அதாவது விதையடிக்கப்பட்டவர். உபாகமம் 23:1-இன்படி கர்த்தருடைய சபைக்குள் வர முடியாதவர். "இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன?" என்று கேட்கிறார். வாழ்நாள் முழுவதும் தடையையே கேட்டுப் பழகிய மனிதர் கேட்கும் கேள்வி அது. பிலிப்பு ஒரு தடையும் சொல்லவில்லை. இரண்டு பேரும் தண்ணீரில் இறங்கினார்கள்.

ஆகவே ஞானஸ்நானம் விருத்தசேதனத்தின் "இடத்தில்" வந்தது என்று சொன்னால் எனக்குக் குறைத்துச் சொன்னதுபோல் இருக்கிறது. அந்த இடம் இவர்களுக்கெல்லாம் போதாது.

---

கில்கால்

எத்தியோப்பியா என்றதும் நினைவு வருகிறது. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையில் இன்றும் இரண்டும் உண்டு. ஆண்குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம். அப்புறம் ஆணுக்கு 40-ஆம் நாளும் பெண்ணுக்கு 80-ஆம் நாளும் ஞானஸ்நானம். யூத மார்க்கத்துக்குத் திரும்பிவிட்டார்கள் என்று ஐரோப்பிய மிஷனரிகள் குற்றம் சாட்டியபோது, கலாவ்தேவோஸ் அரசர் 1555-இல் ஒரு விசுவாச அறிக்கையே எழுதினார்: நாங்கள் இதை நாட்டு வழக்கமாகச் செய்கிறோம், யூதரைப் போல நியாயப்பிரமாணத்துக்காக அல்ல, பவுலின் வார்த்தை எங்களுக்குத் தெரியும் என்று. மேற்கில் 1442-இல் புளோரன்ஸ் சங்கம் கிறிஸ்தவர்கள் விருத்தசேதனம் செய்வதையே கண்டித்திருந்தது. ஆக "ஒன்று போய் ஒன்று வந்தது" என்பது உலகத்துச் சபைகள் எல்லாவற்றின் அனுபவமும் இல்லை.

---

மம்ரே

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன், கணவருக்கும் வாசித்துக் காட்டினேன். லீதியாள் அக்கா எழுதியது எங்கள் இரண்டு பேருக்குமே புதிது. ஆனால் கொலோசெயர் 2-க்குள் இன்னும் யாரும் போகவில்லையே? எங்கள் சண்டையே அந்த இரண்டு வசனத்தில்தான்.

---

பெரோயாவூரான்

நான் முயற்சி செய்கிறேன் சகோதரி. கொஞ்சம் நீளும்.

வசனத்தை மெதுவாகப் பாருங்கள். "கிறிஸ்துவைப்பற்றும் விருத்தசேதனத்தினாலே மாம்சத்துக்குரிய பாவசரீரத்தைக் களைந்துவிட்டதினால், கையால் செய்யப்படாத விருத்தசேதனத்தை அவருக்குள் பெற்றீர்கள்." அடுத்து, "ஞானஸ்நானத்திலே அவரோடேகூட அடக்கம்பண்ணப்பட்டவர்களாகவும்... எழுந்தவர்களாகவும் இருக்கிறீர்கள்."

கையால் செய்யப்படாத விருத்தசேதனம் எது? தண்ணீர் ஞானஸ்நானம் என்று உடனே சொல்ல முடியாது, ஏனென்றால் அதையும் ஒரு மனிதன் கையால்தான் கொடுக்கிறான். இதற்குப் பின்னால் ஒரு நீண்ட எதிர்பார்ப்பு இருக்கிறது. உபாகமம் 10:16 "உங்கள் இருதயத்தின் நுனித்தோலை விருத்தசேதனம்பண்ணுங்கள்" என்று கட்டளையிடுகிறது. ஜனத்தால் முடியவில்லை. 30:6-இல் கட்டளை வாக்குத்தத்தமாக மாறுகிறது: உன் இருதயத்தையும் உன் சந்ததியாரின் இருதயத்தையும் கர்த்தரே விருத்தசேதனம்பண்ணுவார். எரேமியா 9:26-இல் இஸ்ரவேல் முழுவதும் இருதயத்தில் விருத்தசேதனமில்லாதவர்கள் என்ற தீர்ப்பே வந்துவிடுகிறது. உடலில் கத்தி பட்டும் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை.

பவுல் சொல்வது, அது நடந்துவிட்டது என்பதை. எங்கே? கிறிஸ்துவின் சரீரத்தில். முந்தின அதிகாரத்தில்தான் "அவருடைய மாம்ச சரீரத்தில் அடைந்த மரணத்தினாலே" ஒப்புரவாக்கினார் என்று எழுதினார். எட்டாம் நாளில் குழந்தை இயேசுவுக்கு ஒரு சிறு துண்டு தோல் அறுக்கப்பட்டது (லூக்கா 2:21). சிலுவையில் அவர் ஜீவனுள்ளோருடைய தேசத்திலிருந்தே அறுப்புண்டுபோனார். விருத்தசேதனம் முன்னோக்கிக் காட்டியது அதை. ஞானஸ்நானம் திரும்பிப் பார்த்து நம்மைச் சேர்ப்பது அதோடு. இரண்டும் சிலுவையில் சந்திக்கின்றன.

ஆகவே விருத்தசேதனத்திலிருந்து ஞானஸ்நானத்துக்கு நேர்கோடு போட்டால் நடுவிலுள்ள சிலுவையைத் தாண்டிப் போய்விடுகிறோம். எங்கள் சபையும் குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் சபைதான். இருந்தாலும் "அதன் இடத்தில் இது" என்று மட்டும் சொல்லி முடிக்கும் பிரசங்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அதே சமயம் "இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை" என்பதும் நிற்காது. சம்பந்தமே இல்லையென்றால் பவுல் ஏன் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்?

இப்போது குழந்தைக்கு வருவோம். 12-ஆம் வசனத்தில் "விசுவாசத்தினாலே" என்று இருக்கிறது. யோர்தான்கரை சகோதரர் அதைப் பிடிப்பார், நியாயம்தான். ஆனால் அகஸ்டின் ஒரு விஷயம் சொல்கிறார்: ஆபிரகாமுக்கு விசுவாச நீதி முதலில், முத்திரை பிறகு. ஈசாக்குக்கு முத்திரை முதலில், நீதி வளர வளர. ஞானஸ்நானத்துக்கு முன்பே பரிசுத்த ஆவியைப் பெற்ற கொர்நேலியுவையும் கைக்குழந்தையையும் அதே மாதிரி அவர் வைக்கிறார். வரிசை மாறலாம், இரண்டும் சேர வேண்டும் என்பது அவர் நிலை. எனக்கு அது ஒத்துப்போகிறது.

ஆனாலும் கொலோசெயர் 2 எழுதப்பட்டது குழந்தைகளைப் பற்றி அல்ல. கொலோசெ சபைக்குள் வந்த சிலர், கிறிஸ்து போதாது, இன்னும் சில சடங்குகள் வேண்டும் என்றார்கள். "அவருக்குள் நீங்கள் பரிபூரணமுள்ளவர்களாயிருக்கிறீர்கள்" என்பது பவுலின் பதில். குழந்தை விஷயத்தை இந்த இரண்டு வசனம் தீர்க்கும் என்று இரண்டு போதகர்களும் எதிர்பார்ப்பதால்தான் உங்கள் வீட்டில் சண்டை முடியவில்லை. உண்மையான கேள்வி எரேமியா 31-இல் இருக்கிறது: புதிய உடன்படிக்கையில் "சிறியவன்முதல் பெரியவன்மட்டும் எல்லாரும் என்னை அறிந்துகொள்வார்கள்" என்றால், விசுவாசிகளின் சிறுபிள்ளைகள் அதற்குள் இருக்கிறார்களா?

---

யோர்தான்கரை

பெரோயாவூரான் ஐயா, எரேமியா 31 என்றதற்கு நன்றி. எங்கள் வாதம் முழுவதும் அங்கேதான். பழைய உடன்படிக்கையில் பிறப்பால் உள்ளே வந்தார்கள். இஸ்மவேலோடு அல்ல, ஈசாக்கோடுதான் என் உடன்படிக்கை என்று சொன்ன அதே நாளில் இஸ்மவேலுக்கும் அடையாளம் போடப்பட்டது. புதியதில் மறுபிறப்பால், அதாவது ஆவியால் புதிதாகப் பிறப்பதால் உள்ளே வருகிறோம். ஆகவே விருத்தசேதனத்துக்கு ஒத்தது மறுபிறப்பு, அதற்குச் சாட்சி ஞானஸ்நானம்.

---

உடன்படிக்கைப்பிள்ளை

மறுபிறப்பை யார் இருதயத்தில் பார்க்கிறோம் சகோதரரே? மாயவித்தைக்காரனாயிருந்த சீமோனும் விசுவாசித்து ஞானஸ்நானம் பெற்றவன்தான். அப்போஸ்தலரே பார்க்க முடியாததைச் சபை பார்த்து அடையாளம் கொடுக்க முடியாது. 1 கொரிந்தியர் 7:14-இல் பெற்றோரில் ஒருவர் விசுவாசியாக இருந்தாலே பிள்ளைகள் "பரிசுத்தமானவர்கள்" என்கிறார். அந்த வார்த்தைக்கு ஏதோ ஒரு இடம் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

கில்கால் கேட்ட பஸ்கா கேள்விக்கு: 1 கொரிந்தியர் 11:28 தன்னைத்தானே சோதித்தறிந்து புசிக்கச் சொல்கிறது, ஞானஸ்நானத்துக்கு அப்படி ஒரு நிபந்தனை குழந்தைக்கு வைக்கப்படவில்லை. எங்கள் பதில் அதுதான். உங்களுக்குத் திருப்தி தராது என்று தெரியும்.

---

லீதியாளின்_வீடு

மம்ரே, நடைமுறையாக ஒன்று. உங்கள் சபையில் ஞானஸ்நானம் குழந்தையில், பிறகு வளர்ந்ததும் தன் வாயால் அறிக்கை செய்து திடப்படுத்தல். கணவர் சபையில் குழந்தைப் பிரதிஷ்டை (தண்ணீர் இல்லாமல் குழந்தையைத் தேவனுக்கு ஒப்புக்கொடுப்பது) முதலில், பிறகு ஞானஸ்நானம். இரண்டு இடத்திலும் இரண்டு படி இருக்கிறது. தண்ணீர் எந்தப் படியில் வருகிறது என்பதில்தான் வித்தியாசம். சபைகளின் உலக மாமன்றம் 1982-இல் லீமாவில் முடித்த அறிக்கையும் இந்த இரண்டு பாதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுகிறது.

ஆனால் இரண்டும் சமம் என்று சொல்லிவிட்டு நகர முடியாது. இப்போது காத்திருந்து பிறகு கொடுத்தால், இரண்டு சபையும் அதை ஞானஸ்நானம் என்று ஒப்புக்கொள்ளும். இப்போதே கொடுத்தால், பிள்ளை வளர்ந்த பிறகு அப்பாவின் சபை "மறுபடியும் எடு" என்று சொல்லக்கூடும். உங்கள் சபைக்கு அது எபேசியர் 4:5-இன் "ஒரே ஞானஸ்நானம்" என்பதை மீறுவது. அந்த இழுபறியைச் சுமக்கப்போவது பிள்ளைதான்.

---

மம்ரே

இதைத்தான் நாங்கள் யோசிக்கவே இல்லை. இரண்டு போதகர்களிடமும் ஆளுக்கொரு கேள்வியோடு போகப்போகிறோம். என் போதகரிடம்: காத்திருந்தால் எங்கள் பிள்ளையை இந்தச் சபை உடன்படிக்கைக்கு வெளியே என்று எண்ணுமா? கணவரின் போதகரிடம்: இப்போது கொடுத்தால், பிறகு பிள்ளை தானாக விசுவாசத்தை அறிக்கை செய்யும் நாளில், முதலில் பெற்றதை ஞானஸ்நானமாக ஏற்பீர்களா? இரண்டில் எதற்காவது மனம் இளகிய பதில் வந்தால் அந்தப் பக்கம் போவோம் என்று கணவரும் சம்மதித்துவிட்டார். பதில் கிடைத்ததும் இங்கேயே எழுதுகிறேன்.